நெரித்தலும் கவ்வுதலும்: பல இழைக் கம்பியின் இணைப்பு

மொழிமன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மின்கம்பியின் முனையைப் பற்றிப் பேச மொழியியல் படித்த ஒருவன் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. என் தொழில் சொற்களைப் பற்றியது, கம்பிகளைப் பற்றியதன்று. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்பு கலைச்சொற்குழு ஒன்றில் அமர்ந்திருந்தபோது, பொருளைச் சரிவர அறியாமலே ஒரு சொல்லுக்கு இசைவளித்தேன். அது பொருந்தாச் சொல் என்பதை லாபிஸில் ஒரு கருகிய கம்பித் துண்டு எனக்குக் காட்டியது. அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

மின்பணியாளர் 'கிரிம்ப்' என்று வழங்கும் செயலுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்பது அன்று குழுவின் முன் வந்த வினா. பல மெல்லிய செம்பிழைகளாலான கம்பியின் முனையை ஒரு சிறு உலோகக் குழலுக்குள் செருகி, அக்குழலைக் கருவியால் அழுத்தி இணைப்பதே அச்செயல். குழல் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்பதாக நாங்கள் கருதினோம். ஆகவே 'கவ்விணைப்பு' என்று எழுதினோம். ஓசை இனிது, பொருள் எளிது, மறுப்பார் இல்லை. தேநீர் வருமுன் அடுத்த சொல்லுக்குச் சென்றுவிட்டோம்.

பின்னர் ஒரு நாள், லாபிஸ் வட்டாரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் விருந்து நடந்துகொண்டிருக்கையில் மின்பெட்டியிலிருந்து புகை எழுந்தது. எவருக்கும் தீங்கில்லை, ஆனால் முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி முழுவதும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது. வந்து பார்த்த இளைஞரான மின்பணியாளர், கருகிய ஒரு முனையை அறுத்தெடுத்து என் கையில் வைத்தார். 10 சதுர மில்லிமீட்டர்க் கம்பி, 16 சதுர மில்லிமீட்டருக்கு உரிய குழலில் செருகப்பட்டு, சாதாரணக் குறடு கொண்டு இரண்டு இடங்களில் நசுக்கப்பட்டிருந்தது. "கவ்விக்கிட்டுத்தான் இருந்துச்சு ஐயா. ஆனா நெரியல" என்றார். குழுவில் நாங்கள் காணத் தவறிய வேறுபாட்டை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவ்வேறுபாடு யாது என்பதை இனி விரிப்போம்.

முதலில் கம்பி. ஒரே தடித்த செம்பு நாளமாகக் கம்பியைச் செய்யலாம். ஆனால் அது வளைய மறுக்கும், பன்முறை வளைத்தால் ஒடியும். எனவே மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்குகின்றனர். வீட்டுச் சுவருக்குள் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியில் 0.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஏழு இழைகள் இருக்கும். கடைக்காரர் அதனை 7/0.67 என்பார். அதே பரப்புடைய நெகிழ் கம்பியில் 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகள் ஏறத்தாழ 50 இருக்கும். தமிழ்நாட்டு மின்பணியாளரும் முன்னாளில் 3/22, 7/20 என்றே கம்பியை அழைத்தனர்; முதல் எண் இழைகளின் தொகை, இரண்டாவது எண் இழைத் தடிமனின் அளவெண். இத்துறைக்குத் தமிழில் சொல்வறுமை இல்லை. தனித்து நிற்பது இழை, முறுக்கேறியது புரி, புரிகள் சேர்ந்தது வடம். கயிறு திரித்த சமுதாயம் விட்டுச் சென்ற சொற்கள் இவை. மின்னியல் பாடத்திற்குள் அவை தயக்கமின்றி நுழையலாம்.

இழைகள் சேர்ந்த கம்பியில் ஒரு மறைபொருள் உண்டு. அதன் உள்ளே காற்று இருக்கிறது. ஒரே அளவான ஏழு காசுகளை எடுத்து, ஒன்றை நடுவிலும் ஆறைச் சுற்றிலும் ஒட்டி வையுங்கள். அவற்றைச் சூழ ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் ஒரு காசின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு. எனவே பரப்பு ஒன்பது மடங்கு. அந்த ஒன்பதில் ஏழே உலோகம், மற்ற இரண்டும் வெற்றிடம். அதாவது ஏழிழைக் கம்பி தன் வட்டத்துள் 78 விழுக்காட்டளவே செம்பு. எஞ்சிய 22 விழுக்காடு காற்று. குழல் கம்பியைவிடச் சற்று அகன்றிருந்தாலன்றிக் கம்பி உள்ளே நுழையாது. ஆதலால் அங்கும் இடைவெளி. குழல் ஓர் அளவு பெரிதாகிவிட்டால் காற்றின் பங்கு இன்னும் மிகும். மண்டபத்தில் நிகழ்ந்தது இதுதான்.

காற்று இருந்தால் என்ன, உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்கலாம். இவ்விடத்தில் ராக்னர் ஹோல்ம் என்ற சுவீடிய அறிஞரை நினைவுகூர வேண்டும். மின்தொடுகைகளைப் பற்றிய ஆய்வுக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தவர் அவர். கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பு உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சில மேட்டு நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடும். தொடும் நுனியிலும் காற்றோடு கூடி விளைந்த ஆக்சைடுப் படலம் இடையே நிற்கும். மின்னோட்டம் முழுவதும் படலம் கிழிந்த அந்தச் சிறு புள்ளிகள் வழியாகவே நெருக்கியடித்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அகன்ற சாலையில் வந்த வண்டிகள் ஒற்றை வழிப் பாலத்தில் ஏறுவதைப் போன்றது இது. புள்ளிகள் குறைந்தால் தடை கூடும்.

எவ்வளவு கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெப்பத்தின் அளவு, மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கி வருவது. மண்டபத்துக் கம்பியில் 60 ஆம்பியர் சென்றதாகக் கொள்வோம். இணைப்பின் தடை 0.1 மில்லி ஓம் என்றால் அங்குத் தோன்றும் வெப்பம் 0.36 வாட், கையால் தொட்டாலும் தெரியாது. தடை 10 மில்லி ஓம் என்றால் 36 வாட். ஈயம் உருக்கும் சாலிடரிங் இரும்பு ஒன்றின் வெப்பம் அது! கட்டைவிரல் நுனியளவு உலோகத்தில், மூடிய பெட்டிக்குள், மணிக்கணக்கில். அச்சூட்டால் படலம் தடிக்கிறது, உலோகத்தின் இறுக்கம் தளர்கிறது, தடை மேலும் ஏறுகிறது, அதனால் சூடும் மேலும் ஏறுகிறது. பழுதான இணைப்பு முதல் நாளே எரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, பெருஞ்சுமை வரும் நாளில், அதாவது விருந்து நாளில் எரிகிறது.

பல இழைக் கம்பியை இணைக்க மூன்று வழிகள் பரவலாக உள்ளன: திருகாணியின் அடியில் வைத்து முடுக்குதல், ஈயப் பற்றாசு வைத்துப் பற்றவைத்தல், குழலிட்டு நெரித்தல். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்வார்களாயின், இவற்றைப் புணர்ச்சி இலக்கணத்தைக் கொண்டே விளக்கிவிடுவேன். திருகாணி இணைப்பு இயல்புப் புணர்ச்சி: இரண்டும் தத்தம் உருவில் அருகருகே நிற்கின்றன. பற்றவைப்பு தோன்றல் விகாரம்: மணியும் அழகும் சேர இடையில் யகர உடம்படுமெய் வருவதுபோல, செம்புக்கும் செம்புக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் உலோகம் வந்து உடம்படுத்துகிறது. நெரித்தல் திரிதல் விகாரம்: பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது புதிதாக எதுவும் வரவில்லை, நின்ற எழுத்தே உருமாறிற்று. அளவு மீறி நெரித்தால் விளைவது கெடுதல். அதற்குப் பிறகு வருகிறேன்.

திருகாணியின் கீழ்த் தளர்ந்த இழைகள் இங்கும் அங்கும் விலகும், சில அறுபடும். அதைத் தடுக்கலாமென்று முனைக்கு ஈயம் பூசித் திருகாணியில் முடுக்குவோர் உளர். நம் வீடுகளில் உள்ள 13 ஆம்பியர் மும்முனைச் செருகிக்குள் இப்படிச் செய்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். அது பிழை. ஈயக் கலவை மென்மையானது; இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பிதுங்கி ஒதுங்கிவிடும். நேற்று இறுக்கிய திருகாணி சில மாதங்களில் தானே தளர்ந்திருக்கும். பற்றவைப்பில் இன்னொரு குறை, உருகிய ஈயம் இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடுவது. ஏறிய அளவுக்குக் கம்பி கட்டையாகிறது. கட்டை முடிந்து நெகிழ்ச்சி தொடங்கும் எல்லையில், அதிர்வு மிகுந்த இடங்களில், கம்பி ஒடிகிறது. லாரியும் செம்பனை ஆலையின் எந்திரமும் ஓயாமல் அதிர்பவை. அங்கெல்லாம் நெரிப்பையே தொழிலறிந்தோர் நாடுகின்றனர்.

இனி, நெரிக்கும்போது உள்ளே நிகழ்வது. கருவியின் அச்சு குழலை அழுத்தத் தொடங்கியதும் முதலில் இழைகள் நகர்ந்து வெற்றிடங்களை நிரப்புகின்றன. இம்மட்டில் நிறுத்தினால் அது கவ்வுதல். அழுத்தம் தொடர்ந்தால் நகர இடமில்லாத இழைகள் உருமாறத் தொடங்குகின்றன. வட்டமாயிருந்தவை பட்டைகள் பெற்று அறுகோணம்போல் ஆகின்றன. திடநிலையிலேயே, உருகாமலே, செம்பு பிசைந்த மாவுபோல் வழிகிறது. அவ்வாறு பரப்பின்மேல் பரப்பு உராய்ந்து நீளும்போது ஆக்சைடுப் படலம் அதனோடு நீள இயலாமல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புத்தம்புது உலோகம் வெளிப்பட்டு எதிரேயுள்ள புது உலோகத்தைச் சேர்கிறது. சிற்சில புள்ளிகளில் அவை குளிர்நிலையிலேயே ஒன்றிப் பிணைந்தும் விடுகின்றன. குழலின் உட்புறத்தில் சிறு வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பதன் நோக்கமும் இதுவே: வழிந்துவரும் செம்பு அவற்றின் விளிம்புகளில் உராய்ந்து படலத்தை இழக்கும். காற்றும் ஈரமும் புக வழியில்லாதபடி இணைப்பு அடைபடுகிறது. ஜொகூரின் ஈரக்காற்றை அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் உண்டு; வடிவமைப்பாளர் மிகுந்து சிந்திப்பது இதைப் பற்றியே. கருவியை எடுத்தவுடன் குழலும் இழைகளும் சற்றே பழைய உருவை நோக்கி மீளும். குழல் அதிகமாகவும் இழைகள் குறைவாகவும் மீண்டால் இடையில் தளர்ச்சி விழும். குழல் குறைவாகவும் இழைகள் அதிகமாகவும் மீள முற்பட்டால், இழைகள் என்றென்றும் குழலை உள்ளிருந்து உந்திக்கொண்டே இருக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்திற்குப் பட்டை போடும் கொல்லரைப் பார்த்த முதியோர் இங்கு இருக்கலாம். இரும்புப் பட்டையைச் சுடவைத்து மரச்சக்கரத்தில் ஏற்றி நீரூற்றினால், பட்டை சுருங்கி மரத்தை இறுக்கும். வண்டி தேயும்வரை அந்த இறுக்கம் உள்ளேயே குடியிருக்கும். நல்ல நெரிப்பிலும் அத்தகைய தங்கிய இறுக்கம் இருக்கிறது. அது தொடுகைப் புள்ளிகளைப் பிரியாமல் காக்கிறது. குழலுக்கு எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எவ்வளவு பதம் என்று தேர்வதெல்லாம் இந்த மீட்சியைக் கருதியே. மேலே பூசும் வெள்ளீயப் படலம் மென்மையானதாகையால் சிறு பள்ளங்களையும் நிரப்பி உதவுகிறது.

அப்படியானால் எவ்வளவு நெரிப்பது? இங்குதான் இரண்டு நலன்கள் ஒன்றுக்கொன்று முரணுகின்றன. நெரிப்பு மிக மிகக் கம்பியை இழுத்துப் பறிக்கத் தேவைப்படும் விசை முதலில் ஏறுகிறது. ஓர் உச்சியை அடைந்தபின் இறங்குகிறது, ஏனெனில் இழைகள் மெலிந்து வலுவிழக்கின்றன. மின்கடத்தும் திறனும் ஏறி இறங்குவதே. ஆனால் அதன் உச்சி, இழுவிசையின் உச்சியைவிட இன்னும் சற்று மிகுந்த நெரிப்பில் இருக்கிறது. இழுவலுவை மட்டும் நாடினால் மின்தடை சிறிது மிகும். மின்கடத்தலை மட்டும் நாடினால் வலு சிறிது குறையும். வடிவமைப்பாளர் இரண்டு உச்சிகளுக்கும் இடையில் ஒரு புள்ளியைத் தேர்கிறார். செம்புக் கம்பியின் உலோகப் பரப்பு 15 முதல் 20 விழுக்காடு குறையும்வரை நெரிப்பது பொதுவழக்கு. அதற்கு மேல் சென்றால் இழைகள் அறுபட்டு, நான் முன்சொன்ன கெடுதல் விகாரம் நேரும்.

இவ்வளவு நுட்பமான புள்ளியைக் கைவலுவால் அடைய முடியாது. இணைப்பின் திறமையைப் பணியாளரின் கையிலிருந்து கருவிக்கு மாற்றியதே இத்தொழில்நுட்பத்தின் பெரும்பேறு. அமெரிக்காவில் யு. ஏ. விட்டேக்கர் 1941இல் தொடங்கிய நிறுவனம், பின்னர் 'ஆம்ப்' என்று பெயர்பெற்றது, போர்க்கால விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் பற்றவைப்பு வேண்டாத முனைகளைச் செய்து தந்தது. பற்றவைப்பில் ஆயிரம் முனைகளுக்கு ஆயிரம் முறை தேர்ந்த கை வேண்டும். நெரிப்பிலோ அச்சின் உருவம் ஒருமுறை சரியாக வெட்டப்பட்டால் போதும். தரமான நெரிகுறடுகளில் பற்சக்கரப் பூட்டு ஒன்று இருக்கிறது. முழு அழுத்தம் கிட்டும்வரை அது கைப்பிடியைத் திறக்கவிடாது. இடையில் சோர்ந்து விட்டுவிடலாம் என்ற உரிமையைக் கருவி நமக்குத் தருவதில்லை. (மாணவர்களின் கட்டுரை ஏடுகளுக்கும் இப்படி ஒரு பூட்டு இருக்கலாகாதா என்று நான் ஏங்கியதுண்டு.)

கருவி சரியாக இருந்தும் அளவு பிழைத்தால் பயனில்லை. காப்புறையோடு வரும் சிறு முனைகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை என்பது பொது நிறமரபு. காப்புறையை உரிக்கும்போது ஓர் இழைகூட வெட்டுப்படலாகாது. குழலின் மறுமுனையில் செம்பிழைகள் மயிரிழையளவு வெளியே தெரிய வேண்டும். காப்புறை நெரிபடும் இடத்திற்குள் புகலாகாது. குழலின் வாயில் அச்சு படாமல் சற்றே மணிவாய்போல் விரிந்திருக்க வேண்டும். இல்லையேல் அதன் கூர்விளிம்பு இழைகளை அறுக்கும். காப்புறையைத் தனியே தழுவிப் பிடிக்கும் இரண்டாவது வளையம் கொண்ட முனைகளும் உண்டு. அதிர்வைத் தாங்குவது அவ்வளையமே. மின்சாரத்தில் அதற்குப் பங்கில்லை.

செம்புக்குச் சொன்னது அலுமினியத்திற்கு அப்படியே பொருந்தாது. தெருக்கம்பங்களிலிருந்து வரும் கட்டுக்கம்பிகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. அதன் ஆக்சைடு கடினமானது, மின்கடத்தாதது, உரித்த கணத்திலேயே மீண்டும் படிவது. எனவே துருவும் துகள்கள் கலந்த பசையைக் குழலுக்குள் நிரப்பி நெரிக்கின்றனர். வெப்பத்தில் அலுமினியம் செம்பைவிட மிகுந்து விரியும். இரண்டையும் சேர்க்க வேண்டிய இடத்தில், ஒருபாதி செம்பும் மறுபாதி அலுமினியமுமாகத் தொழிற்சாலையிலேயே ஒட்டிய முனைகளைப் பயன்படுத்த வேண்டும்.

லாபிஸ் மாணவர்கள் நெரிப்பைக் காண வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையே நம் ஊரைக் கடந்து செல்லும் இரயில் பாதை 25,000 வோல்ட் மின்பாதையாக மாற்றப்பட்டிருக்கிறது. மேடையில் நின்றபடி அண்ணாந்து பார்த்தால், மேலே தொய்வாகச் செல்லும் வடத்திலிருந்து கீழே நேராகச் செல்லும் தொடுகம்பியைத் தாங்கி நிற்கும் சிறு தொங்குகம்பிகள் தெரியும். இத்தகைய அமைப்புகளில் அத்தொங்குகம்பிகள் பொதுவாகப் பல இழைகளால் ஆனவை. அவற்றின் முனைகள் குழலிட்டு நெரிக்கப்படுபவை. இரயில் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவை துள்ளி அடங்குகின்றன. பார்ப்பது மேடையிலிருந்து மட்டுமே. அந்த மின்னழுத்தத்தின் அருகே செல்லத் தகாது.

இப்போது சொல்லுக்கு வருவோம். மலாய் மொழியினர் இச்செயலுக்குத் துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பதைக் குறிக்கும் 'கெலிம்' என்ற சொல்லை எடுத்து, கருவியைப் 'பெஙெலிம்' என்கின்றனர். தையற்காரரிடமிருந்து மின்பணியாளருக்குச் சென்ற சொல். திறந்த குழலின் இரு சிறகுகள் மடிந்து கம்பிக்குள் இறங்குவதைப் பார்த்தால் அதன் பொருத்தம் விளங்கும். தமிழில் துணிக்குப் போகத் தேவையில்லை, வினைச்சொல்லே இருக்கிறது. நெரிதல் தன்வினை, நெரித்தல் பிறவினை. குறடு நெரிக்கிறது, இழைகள் நெரிகின்றன. பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் இடைவெளியின்றி உடலோடு உடல் அழுந்தி நிற்பதை நெரிசல் என்கிறோமே, குழலுக்குள் இழைகள் அடைய வேண்டிய நிலை அதுவே. கவ்வுதல் என்பதோ விடுதலோடு இணைந்த சொல். கவ்வியது எதுவும் வாயைத் திறந்தால் விட்டுவிடும். பள்ளி ஆய்வகத்தில் உள்ள முதலைவாய்ச் செருகி கவ்வுகிறது, உருமாற்றுவதில்லை. அதற்கு அச்சொல் தகும். 'கிரிம்ப்' என்பதற்கு நெரிப்பு, இணைப்புக்கு நெரிப்பிணைப்பு, கருவிக்கு நெரிகுறடு என்று இனி எழுத விரும்புகிறேன்.

துணைச்சொற்களும் வீட்டிலேயே இருக்கின்றன. மின்பணியாளர் 'லக்' என்பது துளையிட்ட தட்டை முனை. ஆங்கிலத்தில் 'லக்' என்பதற்குக் காது என்று பொருள் உண்டு. ஸ்காட்லாந்தில் இன்றும் அது வழக்கு. அண்டாவுக்கும் ஊசிக்கும் காது வைத்த தமிழர் கம்பிக்கும் காதுமுனை வைக்கலாம். நெகிழ் கம்பியின் நுனியில் மாட்டும் மெல்லிய குழாய்க்கு, உலக்கையின் அடியில் நாம் மாட்டிய பூண் என்ற பெயரே போதும்.

அண்மையில் பள்ளியொன்றில் ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து ஒரு சிறு சோதனை செய்தோம். மின்சாரத்தோடு தொடர்பற்ற, புதிய கம்பித் துண்டுகள் இரண்டு. ஒன்றைச் சாதாரணக் குறட்டால் நசுக்கினோம். மற்றதை உரிய அளவுக் குழலிட்டு நெரிகுறட்டால் நெரித்தோம். இரண்டையும் நெரிபட்ட இடத்தில் குறுக்கே வாளால் அறுத்து, மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, உருப்பெருக்கியின் அடியில் வைத்தோம். முதலாவதில் வட்ட இழைகளும் அவற்றினிடையே கறுத்த சந்துகளும் தெரிந்தன. இரண்டாவதைக் குனிந்து பார்த்த ஐந்தாம் ஆண்டு மாணவி நிமிராமலே, "ஐயா, தேன்கூடு மாதிரி இருக்கு, ஓட்டையே இல்ல" என்றாள். பின்னர் முதலாவதை மீண்டும் எடுத்து, அதிலிருந்த கறுப்புச் சந்துகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.